மூன்றாம் கட்டில் துணி

நர்சுகள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு நர்சுப் பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த குழந்தைகள் வார்டில் இப்போது இருப்பவர்கள். நல்ல அனுபவமாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘நல்ல’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உஷார் வந்துவிடும். போகிற போக்கில் சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் காலத்துல பேதியாவுற புள்ளைங்களுக்குச் சோறே குடுக்க மாட்டீங்களாமே மேடம், நெசமா?" நிஜம்தான் என்றேன். இப்போது அவர்கள் வார்டுச் சுவரில், பேதியானாலும் சாப்பாட்டை நிறுத்தாதே என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். மேற்கொண்டு அவள் ஏதாவது கேட்டுவிடப் போகிறாளே என்று காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அவர்கள் போன பிறகு மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை மலரில் போடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரியில் இரண்டு வருஷம். ஊசி காய்ச்சவும் கட்டுப் போடவும் பெரியவர்கள் எதிரில் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொண்டேன். பிரெஞ்சில் ஒரு முப்பது வார்த்தை வந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி என்னைக் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். எட்டுக் கட்டில் போட்ட பிள்ளைகள் வார்டு. வயசு எனக்கு இருபத்தொன்று.

வார்டு டாக்டர் புதுச்சேரிக்காரர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அவரை ‘முசியே’ என்பார்கள், துரை என்கிற மாதிரி. என்னை அவர் ‘மத்மசேல்’ என்றும், அதாவது குமாரி, ‘நீங்க’ என்றும்தான் கூப்பிடுவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மரியாதை குறையாமல் ஒருத்தரைச் சந்தேகப்படுவது எப்படி என்று அவரிடம்தான் படிக்க வேண்டும். கை கழுவிவிட்டேன் என்று சொன்னால், "சரி மத்மசேல், இன்னொரு தடவ கழுவுங்க, நான் பாக்கிறேன்" என்பார். கஞ்சியைத் தன் வாயில் ஒரு கரண்டி விட்டுப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்க விட மாட்டார். கேரட் சூப்பு அவருக்கு உயிர். பிரெஞ்சுக்காரர்களின் பழைய பேதி வைத்தியம் அது. காரைக்காலில் கேரட் விளையாது. நாகப்பட்டினத்திலிருந்து பிரெஞ்சு எல்லை தாண்டி வாஞ்சூர் சுங்கச் சாவடி வழியாக வரவேண்டும். அங்கே மூட்டையைக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து அனுப்புவார்கள். ஒரு நாள் மூட்டை வராமல், சமையல்காரர் பறங்கிக்காயை வேகவைத்துக் கரைத்து அனுப்பிவிட்டார். முசியே ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து கேரட்டை அவர் கண் முன்னால்தான் நறுக்க வேண்டும்.

எங்களிடம் வந்தவை ஒரு நாள் இரண்டு நாள் பேதிக்காரப் பிள்ளைகள் அல்ல. ஒரு மாதம், ஒன்றரை மாதமாகப் போய்க்கொண்டே இருப்பவை. தேரை தோஷம், பட்சி தோஷம் என்று மந்திரித்து, வயிற்றில் சிக்கியதை ஊதி எடுப்பதாகத் தொக்கம் எடுத்து, தர்காவில் ஓதி ஊதி, எல்லாம் கைவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். வரும்போதே கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல், பின்பக்கத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். சில பிள்ளைகளுக்குத் தலைமயிர் செம்பட்டையாகிப் பாதமும் முகமும் வீங்கியிருக்கும். சதை போட்டிருக்கிறது என்று தாய் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முசியே தாய்மார் சொல்லும் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "அம்மாக்காரி பொய் சொல்லுவா, துணி சொல்லாது" என்பார். அதனால் வார்டில் ஒரு முறை வைத்திருந்தார். பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து ஒவ்வொரு தாய்க்கும் சதுரத் துணிகள் கொடுப்போம். விடிந்ததும் பிள்ளை வெளிக்குப் போன துணியை அலசாமல், கட்டில் எண் எழுதிய சீட்டை ஊசியால் குத்தி, ஈ புகாத கம்பிவலை அலமாரியில் தாய் கொண்டு வந்து வைக்க வேண்டும். எட்டு மணிக்கு முசியே வந்தால் நேரே அலமாரிக்குத்தான் போவார். நான் இடுக்கியால் ஒவ்வொரு துணியாக எடுத்துத் தகரத் தட்டில் விரிப்பேன். அவர் மெல்லிய மூங்கில் குச்சியால் புரட்டுவார். நிறம், சளி, சுற்றிலும் ஊறிய நீர் எத்தனை விரற்கடை, வாடை. பிறகு ஒரு எண் சொல்வார். ஒன்று முதல் நாலு வரை. அதற்கப்புறம்தான் பிள்ளையைப் பார்ப்பது. எண் நன்றாக இருந்தால் சில நாள் பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவார்.

எண்ணுக்குத் தக்கபடி சாப்பாடு. நாலு என்றால் அன்று முழுக்க ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆறவைத்த தண்ணீர் மட்டும். மூன்று என்றால் கேரட் சூப்பும் கஞ்சித் தெளிவும். இரண்டு என்றால் வெண்ணெய் எடுத்த மோர். ஒன்று என்றால் குழைந்த சோறும் பருப்புத் தண்ணியும். துணி நன்றாக இருந்தால் நாளைக்கு ஒரு படி ஏறலாம். கெட்டால் எந்தப் படியில் இருந்தாலும் நேரே நாலுக்கு இறங்க வேண்டும். பரமபதம் ஆடுகிற மாதிரிதான். லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்து என்று நம் பக்கத்திலும் சொல்கிறார்களே, அதனால் எனக்கு அதில் தப்பொன்றும் தோன்றவில்லை. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரும்? அந்தச் சின்னக் கணக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை. பேதி நின்றது என்று நான் எழுதிய பிள்ளைகளில் சிலவற்றுக்கு அடுத்த நாளே மூச்சும் நின்றது. வரும்போதே முற்றிப்போன கேஸ் என்பார் முசியே. நானும் தலையாட்டுவேன்.

தாய்மார் திருட்டுத்தனமாக ஊட்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. முந்தானை முடிச்சில் பொரிகடலை, தலையணை உறைக்குள் பாதி வாழைப்பழம், ஒருத்தியின் கொண்டைக்குள் கருப்பட்டித் துண்டுகூடப் பிடித்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒவ்வொருத்தி மடியிலும் கை வைத்துப் பார்ப்பேன். எனக்கு அவர்கள் வைத்த பேர் ‘வாஞ்சூர் சாவடி’. காதில் விழுந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஐப்பசியில் திடீரென்று எல்லாம் நன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் தேறியது சுரக்குடித் தனபாக்கியத்தின் பெண் செல்லம்மா. தனபாக்கியம் நடவுக்குப் போகிறவள். அடுத்த பிள்ளை வயிற்றில் தரித்ததும் பால் ஆகாது என்று செல்லம்மாவைத் தாய்ப்பாலிலிருந்து பிரித்துவிட்டார்கள். சவலையாகிப் பேதியும் பிடித்துக்கொண்டது. பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அதைப் புதைத்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். செல்லம்மா மோரில் தேறிச் சோற்றுக்கு வந்தாள். துணி எண் ஒன்று. அது நியாயம். ஆனால் அடுத்த நாலைந்து நாளில் மற்ற ஏழு கட்டிலிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. மூன்றாம் கட்டில் ஹமீதுக்குக்கூட ஒன்று.

ஹமீது காரைக்கால் டவுன் பிள்ளை. பதினாலு மாதம். அவன் உம்மா ஜெய்னம்புக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். புருஷன் சைகோனில் கடையில் இருந்தான். அங்கிருந்து அனுப்பிய டப்பாப் பாலைத் தண்ணீராகக் கரைத்துக் கரைத்துப் புகட்டி, பிள்ளை உருகிப்போய் வந்திருந்தது. அவன்தான் வார்டிலேயே மோசமான கேஸ்.

முசியேயின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. தன் முறை பலிக்கிறது என்று தினமும் பெரிய தாளில் எழுத ஆரம்பித்தார். பத்து நாளில் எட்டுப் பிள்ளைகள் என்று புதுச்சேரியில் பெரிய டாக்டர்கள் முன்னால் படிக்கப்போவதாகச் சொன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முதலாவது, மடிச் சோதனையில் ஒன்றுமே அகப்படவில்லை. மடியில் கனமில்லாத தாய்மாரை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. இரண்டாவது, தனபாக்கியம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். சம்பா நடவு மும்முரமாக நடக்கிற மாதம், பிள்ளை தேறிவிட்டது, இருந்தும் இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்கிறாள். யாராவது சும்மா இருப்பார்களா? மூன்றாவது ஹமீதின் பின்பக்கம். தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. துணி சொல்வது ஒன்றும் தோல் சொல்வது ஒன்றுமாக இருந்தால் ஏதோ ஒன்று பொய்.

அன்று முசியே போன பிறகு எட்டுத் துணியையும் ஆயாவிடம் போடாமல் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்புகள் புதிதாகக் கிழித்தவை. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தேன். இழைக்கு இழை பொருந்தியது. எட்டும் சேர்ந்து இரண்டே இரண்டு துணி. இரண்டும் செல்லம்மா போன துணிகள். கிழித்து எட்டாக்கி எட்டுச் சீட்டுக் குத்தியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மூக்குக்கு நேரே பத்து நாளாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். தனபாக்கியத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் துண்டுகளைக் காட்டினேன். அவள் மறுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் பசியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டு தன் பிள்ளைக்கு மட்டும் சோறு ஊட்ட முடியவில்லை என்றாள். முதலில் துணி கேட்டது ஜெய்னம்பு, பிறகு எல்லாரும். வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததும் அதற்காகத்தான். முசியேயிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க நர்ஸம்மா. சொல்ல வேணாங்கல" என்றாள். "சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ புள்ளைங்களத் தூக்கிப் பாருங்க. எங்க மடியத்தான தெனம் பாக்குறீங்க."

அது சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒரு தடவையும் அனுப்பும்போது ஒரு தடவையும்தான் எடை போடுவது வழக்கம். அன்று சாயங்காலம் எட்டையும் தராசில் போட்டேன். ஏழு பிள்ளைகளுக்கு எடை ஏறியிருந்தது. செல்லம்மாவை விட்டால் மற்ற ஆறு பிள்ளைகளின் உண்மைத் துணியை யாரும் பார்க்காமல் பத்து நாளாகச் சோறு போயிருக்கிறது. அது அவர்களைக் கொல்லவில்லை. தூக்கும்போதே கைக்குத் தெரிந்தது. ஒரு பெண் என் காது வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வந்தபோது கண்ணைத் திறக்காதவள் அவள்.

எட்டாவதாக ஹமீது. அவன் மட்டும் இறங்கியிருந்தான். உடம்பு கொதித்தது. ஜெய்னம்பு என் முகத்தைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். சளியும் ரத்தமும். நாலு நாளாக அப்படித்தான் போகிறதாம். அலசி அலசி மறைத்திருக்கிறாள். "காட்டுனா தண்ணின்னு எழுதிடுவாரு நர்ஸம்மா. எம்புள்ள பசியிலயே மவுத்தாப் போயிருவான்" என்றாள்.

இது சீதபேதி, இதற்கு மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எமட்டின் ஊசி. ஆனால் அது இதயத்தை அடிக்கிற மருந்து. முசியே தன் கையால்தான் போடுவார். விடிந்தால் அவர் புதுச்சேரிக்குப் புறப்படுகிறார். பத்து மணி பஸ், திரும்பி வர மூன்று நாள். ஹமீதுக்கு மூன்று நாள் இல்லை. மற்றவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இவன் துணியை மட்டும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

காலையில் முசியே பயண உடுப்போடு வந்தார். தோல் பைக்குள் அந்த அறிக்கை. ஏழு துணிக்கும் ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாம் கட்டில் துணியைக் கண்டதும் குச்சியை நிறுத்தினார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது துணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நேத்து ஒண்ணு. முந்தாநாள் ஒண்ணு. ஒரு ராத்திரியில இப்படி ஆவாது, மத்மசேல். இது மூணாங் கட்டில் துணி இல்ல."

மூன்றாம் கட்டில்தான் என்றேன். வேறு எங்கிருந்தோ வந்த துணிக்குச் சீட்டு மாறியிருக்கிறது, யாருடைய துணியையோ நம்பி ஒரு குழந்தையின் இதயத்தில் எமட்டின் ஏற்ற முடியாது, திரும்பி வந்து பார்க்கலாம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்தார். அவர் பேசியதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பொய்த் துணிக்குப் பிறகு வந்த ஒரே மெய்த் துணியை எந்தச் சந்தேகக்காரன் நம்புவான்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஜெய்னம்பு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னால் ஏழு பிள்ளையின் சோறு பறிபோகும். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளை போகும். சொல்லிவிட்டேன். கிழித்தது, குத்தியது, எடை போட்டது எல்லாவற்றையும்.

அவர் கத்தவில்லை. அன்றைய ஏழு துண்டுகளையும் தட்டில் பரப்பி, குச்சி நுனியால் விளிம்போடு விளிம்பைத் தானே சேர்த்துப் பார்த்தார். பிறகு ஹமீதிடம் போய் வயிற்றுத் தோலைக் கிள்ளினார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. துணியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப் அறைக்குப் போனார். வந்து ஊசியைக் காய்ச்சச் சொன்னார். தானே போட்டார். போட்டு முடித்து ஒரு மணி நேரம் அந்தச் சின்ன மணிக்கட்டில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து மணி பஸ் போய்விட்டது.

எழுந்ததும் பேனாவைத் திறந்தார். எட்டுக் கட்டிலுக்கும் நாலு என்று எழுதினார். தனபாக்கியத்தின் பெண்ணுக்கும் சேர்த்து. எடை ஏறியிருக்கிறது முசியே என்றேன். "அது சதை இல்ல, வீக்கத் தண்ணி" என்றார். என் காது வளையத்தை இழுத்த பிள்ளைக்கு வீக்கமே கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானத்துக்குள் ஏழு தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தனபாக்கியம் மட்டும் ஜெய்னம்புவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று ஹமீதின் காலைத் தடவிவிட்டுப் போனாள். சாயங்காலம் முசியே என்னைக் கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்துப் போனேன்.

"இனிமே தாய்மார் கை சீட்டுல படக்கூடாது. நீங்களே எடுத்து நீங்களே குத்துங்க" என்றார். "இந்த வார்டுல நான் நம்புற கை உங்க கை ஒண்ணுதான், மத்மசேல்."

ஹமீதுக்கு ஊசி தினமும் ஏறியது. சாப்பாடு தண்ணீர் மட்டும். இரண்டாம் நாள் காலைத் துணியில் ரத்தம் குறைந்திருந்தது, ஆனால் நாலுதான். மறுபடி தண்ணீர். முதல் நாள் அழுதுகொண்டிருந்த பிள்ளை இரண்டாம் நாள் அழவில்லை. அழாத பிள்ளையைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம். ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது, அதை ஓட்டக்கூட அவன் முகத்தைத் திருப்பவில்லை. மருந்து வேலை செய்கிறது, பிள்ளை பசியால் சாகிறது. ஏழு பிள்ளைகளை என் கையால் தூக்கிப் பார்த்திராவிட்டால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மூன்றாம் நாள் காலை, முசியே வருவதற்கு முன்னால், தனபாக்கியம் மழையில் நனைந்துகொண்டு வார்டுக்குள் வந்தாள். சுரக்குடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பழக்க தோஷம், நான் அவள் மடியில் கை வைத்தேன். வாழையிலையில் மடித்த பொட்டலம் இருந்தது.

"செல்லம்மா துணிதான் நர்ஸம்மா. விடியக்காத்தால போனது. குத்துறதும் தூக்கி எறியறதும் உங்க கையில இருக்கு" என்றாள்.

ஜெய்னம்பு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஹமீதின் துணியை எடுத்து வாளியில் போட்டேன். சீட்டில் ‘3’ என்று எழுதி ஊசியை எடுத்துத் தனபாக்கியம் கொண்டுவந்த துணியில் குத்தினேன். நோய்க்கு மருந்து போகிறது, மறைப்பதால் இனி கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலியே பயிரை மேய்ந்தது. அதற்கு நான் வெட்கப்படவில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

முசியே குச்சியால் புரட்டினார். "நீங்கதானே குத்துனீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்றார். இன்னொரு தடவை காட்டச் சொல்லவில்லை. அவர் சூப்பு என்று எழுதிவிட்டுப் போனதும் நான் மோர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து, சூப்புக் கிண்ணத்திலேயே வைத்து, ஹமீதின் வாயில் விரலால் தடவினேன். முதல் இரண்டு வாய் வழிந்துவிட்டது. மூன்றாவதை விழுங்கினான். ஜெய்னம்பு வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

தனபாக்கியம் ஐந்து நாள் வந்தாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஹமீதின் துணியே தேறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அவன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தினான். ஜெய்னம்பு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசல்வரை போய் நின்றேன். என் உத்தியோக காலத்திலேயே சந்தோஷமான நாள் அது. அதோடு முடிந்திருந்தால், அந்தப் பெண்கள் கேட்ட நல்ல அனுபவம் இதுதான்.

முசியே பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். தாய்மாரின் ஏமாற்றால் சோறு போன பிள்ளை சாகும் நிலைக்கு வந்தது. ஊசியும் கண்டிப்பான பட்டினியும் போட்டு, நம்பகமான நர்ஸ் தன் கையால் வைத்த துணிகளைக் கொண்டு படிப்படியாக ஏற்றியதும் பிழைத்தது. தனக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அது ஹமீதின் துணி இல்லை, சுரக்குடித் துணி என்றா? இத்தனை பேரைச் சந்தேகப்பட்ட மனிதர் என் ஒருத்தியைத்தான் நம்பினார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் மன்னிப்பில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கியது. முசியே புதுச்சேரிக்கு மாற்றலாகிப் போனார். அவர் முறை போகவில்லை. நாலு எண்ணையும் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். புதிதாக வரும் நர்சுகளுக்கு அதை விளக்கிச் சொல்கிற வேலை எனக்கு. சண்டை போடுகிற தாய்மாருக்கு மூன்றாம் கட்டில் பிள்ளையின் கதையை ஆயாவே சொல்லிவிடுவாள். நான் குனிந்து வேலையைப் பார்ப்பேன். திருட்டுத்தனமாக ஊட்டுகிறவர்களைக் கண்டும் காணாமல் விட்டேன். ஆனால் ஊட்டு என்று வாயால் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பூவத்திலிருந்து ஒருத்தி வந்தாள். ஒன்றரை வயசுப் பெண் பிள்ளை, இரண்டு மாதப் பேதி. துணி நாலு. தண்ணீர் மட்டும் என்று நான் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. சட்டென்று யாரையும் நம்பாத முகம் அவளுக்கு, என் முகம் மாதிரி. ஆயா சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அந்த மூணாங் கட்டில் புள்ள பட்டினி கெடந்துதான் பொழச்சுதாமே. நீங்க கண்ணால பாத்தீங்களா நர்ஸம்மா?"

வார்டில் புது டாக்டர் இருந்தார். இரண்டு நர்சுகள் இருந்தார்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு மடியை அவிழ்த்து, பிள்ளைக்காக இலையில் மடித்து வைத்திருந்த இரண்டு இட்லியை அவளாகவே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். நாலாம் நாள் பிள்ளையைச் சுற்றி எடுத்துப் போக ஒரு துணி கேட்டாள். சதுரமாகக் கிழித்தது போதாது என்பதால் ஒரு முழு விரிப்பாக எடுத்துக் கொடுத்தேன்.